தத்பீர், ஆதத், இர்க்: தாய் சேய் பேணலின் வரலாற்றில் மூன்று சொற்கள்

மருத்துவ வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறே. அரசவைகளில் வீற்றிருந்த ஹகீம்களின் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துவிட்டன. பிரசவ அறையில் இரவு முழுதும் விழித்திருந்து தாயையும் சேயையும் காத்த பெண்களின் பெயர்களோ மிக அரிதாகவே ஏடேறின. இந்தக் குறையை உணர்ந்த பழைய அறிஞர்களுள் ஒருவர் இப்னு கல்தூன் (ரஹ்). கி.பி. 1377இல் அவர் எழுதி முடித்த 'முகத்திமா'வில் தொழில்களைப் பற்றிப் பேசும் பகுதியில் பேறுகாலம் பார்க்கும் தொழிலுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளார். நகர வாழ்வுக்கு இன்றியமையாத தொழில் இது என்பதும், பால்குடி மறக்கும் வரை குழந்தைக்கு வரும் நோய்களைத் தேர்ந்த மருத்துவரினும் மருத்துவச்சியே நன்கறிவாள் என்பதும் அவர்தம் கருத்து. மருத்துவச்சியை அரபு மொழி 'காபிலா' என்று அழைப்பதன் காரணத்தையும் அவர் விளக்குகிறார். ஈன்றவள் தருகிறாள், இவள் ஏற்றுக்கொள்கிறாள். ஏற்பவள் என்பதே காபிலா.

ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் இல்லத்திலும் ஒரு காபிலா இருந்தார். அபூ ராஃபிஉ (ரலி) அவர்களின் துணைவியாரான ஸல்மா (ரலி) அவர்களே அவர். அன்னை மாரியா (ரலி) அவர்களுக்கு இப்ராஹீம் பிறந்தபோது பேறுகாலம் பார்த்தவர் ஸல்மா. அந்த நற்செய்தியை நபிகளாரிடம் கொண்டு சேர்த்தவர் அபூ ராஃபிஉ. பின்வந்த ஃபுகஹாக்களும் காபிலாவின் சொல்லுக்கு மதிப்பளித்தனர். பிறப்பு தொடர்பான வழக்குகளில் ஆண்களின் சாட்சியம் இல்லாமலே பெண்களின் சாட்சியம் ஏற்கப்படும். ஹனஃபி மத்ஹபில் நம்பத்தக்க ஒரு பெண்ணின் சொல்லே போதும். ஷாஃபிஈ மத்ஹபில் நால்வர் வேண்டும். எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பினும், இத்துறையில் அறிவு பெண்களிடமே உள்ளது என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

இக்காலச் செவிலியக் கல்வி தாய் சேய் பேணலை மூன்று நோக்குகளில் அணுகுகிறது: நோய் வருமுன் காத்தல், குடும்பத்தின் பண்பாட்டை அறிந்து நடத்தல், மரபுவழி வரும் குறைகளை முன்னறிதல். மூன்றும் புதியவை என்று தோன்றும். நம் அரபு நூல்களைப் புரட்டினால் மூன்றுக்கும் பழைய சொற்கள் கிடைக்கின்றன. வருமுன் காக்கும் ஒழுங்குக்குத் 'தத்பீர்' என்றும், ஊர் வழக்கத்துக்கு 'ஆதத்' என்றும், மரபின் வேருக்கு 'இர்க்' என்றும் பெயர். இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதால் நம் பெண்கள் அடைந்த துன்பம் சிறிதன்று. ஆதலின் அவற்றைப் பிரித்துக் காண்பது ஏட்டு ஆய்வோடு முடிந்துவிடும் பணியாகாது.

தத்பீர்: வருமுன் காக்கும் ஒழுங்கு

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் முஸ்லிம் உலகின் மூன்று மூலைகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் மூன்று நூல்கள் தோன்றின. குர்துபாவில் கலீஃபா இரண்டாம் ஹகமின் ஆதரவில் இருந்த அரீப் இப்னு ஸஅத், கருவின் தோற்றத்தையும் கருவுற்றோர், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் தத்பீரையும் ஒரே நூலில் எழுதினார். கைரவானில் இப்னுல் ஜஸ்ஸார் குழந்தை வளர்ப்புக்கெனத் தனிநூல் செய்தார். 1968இல் அது தூனிஸில் அச்சேறியது. எகிப்தில் ஃபாத்திமிய அமைச்சர் யஅகூப் இப்னு கில்லிஸுக்காக அஹ்மத் அல்பலதீ என்பவர் கருவுற்ற பெண்டிர், கைக்குழந்தைகள், சிறுவர் ஆகியோரின் தத்பீரைப் பற்றி மூன்று பகுதிகளில் விரிவாக எழுதினார். நோய் வந்தபின் தரும் மருந்துக்கு முன்னதாக, நோய் வராமல் நடத்தும் ஒழுங்கைக் கூறுவதே இந்நூல்களின் பொதுப் பண்பு. உணவு, உறக்கம், மனக்கவலை, உழைப்பு, நீராட்டு, பாலூட்டுபவளின் உடல்நலம் ஆகிய யாவும் அவற்றில் மருத்துவத்தின் உறுப்புகளாகவே கருதப்பட்டன.

இப்னு ஸீனா (ரஹ்) தம் 'கானூன்' நூலின் முதற்பகுதியில் தொப்புள்கொடி பற்றிக் கூறுவது நோக்கற்பாலது. நான்கு விரற்கடை விட்டுக் கொடியை அறுக்க வேண்டும். குழந்தைக்கு நோகாதபடி மெல்ல முறுக்கிய தூய கம்பளி நூலால் கட்ட வேண்டும். எண்ணெயில் தோய்த்த துணியை அதன்மேல் இட வேண்டும் என்பது அவர் கூறும் முறை. தூய நூல் என்று அவர் வற்புறுத்தியதன் முழுப் பொருள் கிருமியியல் தோன்றிய பின்னரே விளங்கிற்று. நம் நாட்டின் பல ஊர்களில் அரிவாளோ மூங்கிற் சிம்போ கொண்டு கொடியை அறுத்து, சாம்பலையோ சாணத்தையோ அப்பும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பிறந்து சில நாட்களில் குழந்தை பால் குடிக்க மாட்டாமல் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து இறந்தது. காற்றுச் சேட்டை என்றனர், கண்ணேறு என்றனர். மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியால் வந்த இரண ஜன்னி அது. கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி இடுவதாலும், கை, பிரசவம் நடக்கும் இடம், அறுக்கும் கருவி, கட்டும் நூல், தொப்புள் ஆகிய ஐந்தையும் தூய்மையாக வைப்பதாலும் அது ஒழிந்தது. தாய் சேய் இரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு அறிவித்தது. அறுவை மருத்துவத்துக்குரிய கட்டுத்துணி நெசவில் பெயர்பெற்ற சத்திரப்பட்டி, இராஜபாளையத்தை அடுத்தே உள்ளது. தூய துணி ஓர் உயிரைக் காக்கும் என்பதை அவ்வட்டார மக்களுக்கு எவரும் தனியாக எடுத்துக் கூற வேண்டியதில்லை.

சீம்பால் பற்றி மருத்துவரும் ஃபகீஹும்

தத்பீர் நூல்கள் அனைத்திலும் பிழையில்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. பிள்ளை பெற்றவுடன் சுரக்கும் மஞ்சள் நிறக் கெட்டிப் பாலை அரபியில் 'லபஃ' என்பர். நாம் சீம்பால் என்கிறோம். யவன மருத்துவ மரபைப் பின்பற்றிய இப்னு ஸீனா, தாயின் உடல்நிலை சமப்படும் வரை முதலில் வேறொரு பெண் பாலூட்டுவதே ஏற்றது என்றார். ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கைய்யிம் (ரஹ்) பிறந்த குழந்தையின் சட்டங்களுக்கென்றே இயற்றிய 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' நூலிலும் முதல் இரண்டு மூன்று நாட்களைப் பற்றி இதே மருத்துவக் கருத்தைக் காணலாம்.

ஆனால் ஷாஃபிஈ ஃபுகஹாக்களின் தீர்ப்பு வேறு. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் நூல். தன் குழந்தைக்கு லபஃ ஊட்டுவது தாயின் மீது கடமை என்று அது தெளிவாகக் கூறுகிறது. பின்னர் வரும் பாலை ஊட்ட வேறொருத்தி கிடைப்பாளாயின் தாயை வற்புறுத்த இயலாது. சீம்பாலில் மட்டும் விலக்கில்லை. அஃதின்றிக் குழந்தை பெரும்பாலும் உயிர் தரிக்காது என்பது உரைகாரர்கள் காட்டும் காரணம். மருத்துவர் வேண்டாம் என்றதை ஃபகீஹ் கடமை என்றார். இன்றைய மருத்துவம் ஃபகீஹின் பக்கமே நிற்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் தரும் பொருள்கள் சீம்பாலில் செறிந்துள்ளன என்றும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

நம் இல்லங்களில் நடப்பதை இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். தமிழகத்தில் சமய வேறுபாடின்றிச் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் பழக்கம் பலவிடங்களில் இருந்தது. குடும்பத்து மூத்தவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் 'சேனை வைத்தல்' என்னும் சடங்கும் உண்டு. நம்மவருள் சிலர் அதனையே தஹ்னீக் என்று எண்ணிவிட்டனர். தஹ்னீக் என்பது மென்ற பேரீச்சங்கனியைக் குழந்தையின் அண்ணத்தில் சிறிது தடவுவது. அது விரும்பத்தக்கது, அதாவது முஸ்தஹப். குவளை நிறையச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாதென மருத்துவர் எச்சரிப்பது, தேனில் தங்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும் என்பதாலேயே. தஹ்னீக் செய்யும் பெரியவர் ஊரிலிருந்து வரட்டும் என்று தாய்ப்பாலை மணிக்கணக்கில் தள்ளிப்போடுவது, முஸ்தஹபுக்காக வாஜிபை ஒத்திவைப்பதாகும். ஃபிக்ஹின் முதற்பாடம் அறிந்தவரும் இதனை ஏற்கமாட்டார்.

ஆதத்: வழக்கம் என்னும் வலிய சட்டம்

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்னும் ஊர் உள்ளது. கோயிலுக்குக் கொடையாக விடப்பட்ட நிலம் என்பது அப்பெயரின் பொருள். அங்கிருந்து வடக்கே திருவில்லிபுத்தூர் வரையும் தெற்கே புளியங்குடி, கடையநல்லூர் வரையும் பல சமூகத்தார் ஒரே குளத்து நீரையும் ஒரே சந்தையையும் பங்கிட்டு வாழ்கின்றனர். வயலும் நெசவும் பகிர்ந்துகொண்ட மக்கள், பேறுகால வழக்கங்களையும் பகிர்ந்துகொண்டதில் வியப்பில்லை. சூல்கொண்டவளுக்கு வளையல் இடுதலும், பத்திய உணவும், முதற் பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதலும் சிற்சில மாற்றங்களோடு எல்லாரிடமும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில நன்மை பயப்பவை. முதற் பேற்றுக்குத் தாயின் அருகில் இருப்பது பெண்ணுக்கு ஓய்வும் மனத்திண்மையும் தருகிறது. ஷரீஅத்துக்கு மாறுபடாத ஆதத்தை ஃபுகஹாக்கள் மதித்தே வந்துள்ளனர்.

எனினும் எல்லா வழக்கமும் ஒன்றல்ல. கிரகண நேரத்தில் கருவுற்றவள் வெளியில் வந்தால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும் என்ற அச்சம் நம் இல்லங்களிலும் நிலவுகிறது. நபிகளாரின் அருமை மைந்தர் இப்ராஹீம் இரு வயது நிரம்பும் முன் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 சனவரி 27 என்பர். நபியின் மகனுக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசினர். கண்ணீரோடு நின்ற தந்தையாகிய ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அப்பேச்சை உடனே மறுத்தார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் அடைவதில்லை என்று அறிவித்தார்கள். இந்த ஹதீஸை ஓதிவிட்டு, உதடு பிளந்த குழந்தையின் தாயை நோக்கிக் கிரகணத்தன்று எங்கே போனாய் என்று கேட்பது எவ்வகையில் பொருந்தும்?

வழக்கம் உயிரையே பறித்த வரலாறும் நம்மிடம் உண்டு. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் மருத்துவப் பணியாற்றி வந்த அமெரிக்கப் பாதிரியாரின் இல்லத்துக்கு ஒரே இரவில் மூவர் வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். பெண் மருத்துவர் எவரும் இல்லை. ஆண் மருத்துவரை அழைத்துச் செல்ல மூவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். வந்தவர்களுள் ஒருவர் முஸ்லிம். அவ்விரவைக் கண்ட அப்பாதிரியாரின் மகள் ஐடா ஸ்கடர் மருத்துவம் பயின்று 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பயிற்சியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் நிறுவினார். 1946இல் அங்குச் செவிலியப் பட்டப்படிப்பு தோன்றியது.

அந்த முஸ்லிம் கணவர் மார்க்கத்தைக் காப்பதாகவே எண்ணியிருப்பார். ஆனால் நெருக்கடி நிலை தடுக்கப்பட்டவற்றை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்க்கலாம் என்பதை ஃபுகஹாக்கள் வரிசைப்படுத்தியே எழுதியுள்ளனர். அப்பெண்ணின் உயிரைப் பறித்தது மார்க்கத்தின் பெயரைச் சூடிக்கொண்ட ஆதத்.

பண்பாட்டை இகழாமல் அதற்கு இடந்தந்து உயிர் காத்த எடுத்துக்காட்டும் சென்னையிலேயே உண்டு. 1844 முதல் எழும்பூரில் அரசுப் பேறுகால மருத்துவமனை இருந்தும், கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் அங்குச் செல்லத் தயங்கினர். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதற் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் அதனைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்வோர் இன்றும் உளர். பர்தாவை விட்டு வா என்று அது கூறவில்லை. பர்தாவோடு வா என்றது. பெண்கள் வந்தனர்.

இற்றை நாளில் எழுந்துள்ள ஒரு வினாவும் இவ்வகையினதே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கி அமைக்கும் முறை 1989இல் மும்பை சயன் மருத்துவமனையில் தொடங்கிப் பின்னர் தமிழக அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. நமக்கோ பாலுறவு திருமணத் தடையை உண்டாக்கும் உறவு. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை பாலருந்தினாலும், ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை அருந்தினாலும் அவ்வுறவு ஏற்படும். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை பால் வங்கிகளைத் தடுத்தது. யூசுஃப் அல்கர்ளாவீ போன்றோர் அதற்கு முன்பே ஆகும் என்று கூறியிருந்தனர். கருத்து வேறுபாடு எவ்வாறாயினும், பால் தந்தவள் யாரென்ற குறிப்பை வைத்துக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கும் செவிலியர், குழந்தையின் உயிரையும் குடும்பத்தின் மனச்சான்றையும் ஒருங்கே காக்கிறார். அமெரிக்கச் செவிலிய அறிஞர் மாடலின் லெய்னிங்கர் பண்பாடு தழுவிய செவிலியம் என்று வகுத்ததன் உட்பொருளும் இதுவே.

இர்க்: வேர் இழுத்த கதை

மூன்றாம் சொல்லுக்கு வருவோம். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது. பனூ ஃபஸாரா குலத்து மனிதர் ஒருவர் நபிகளாரிடம் வந்து, தம் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றுவிட்டாள் என்று ஐயத்தோடு முறையிட்டார். உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா, அவற்றின் நிறமென்ன என்று நபிகளார் வினவினார்கள். சிவப்பு என்றார் அவர். அவற்றுள் சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அஃது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, ஏதோ ஓர் இர்க் இழுத்திருக்கலாம் என்று அவரே விடையிறுத்தார். உம் குழந்தையையும் அவ்வாறே ஓர் இர்க் இழுத்திருக்கலாம் என்று நபிகளார் கூறி முடித்தார்கள்.

இர்க் என்பதற்கு வேர், நரம்பு, வமிசத்தின் மூலம் எனப் பல பொருள் உண்டு. பெற்றோரிடம் வெளிப்படாத ஒரு பண்பு மூதாதையரிடமிருந்து மறைந்து வந்து பிள்ளையிடம் தோன்றலாம் என்பதைப் பாலைவனத்துக் கால்நடை வளர்ப்போர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1866இல் வெளியான கிரிகோர் மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வை இந்த ஹதீஸ் முன்கூட்டியே அறிவித்துவிட்டது என்று மேடையில் முழங்குவோர் உளர். அது ஹதீஸுக்கும் நீதியாகாது, மெண்டலுக்கும் நீதியாகாது. ஹதீஸின் நோக்கம் வேறு. தோற்றத்தைக் காரணங்காட்டி ஒரு பெண்ணின் கற்பின்மீது பழி சுமத்தக்கூடாது என்பதே அதன் சட்டம். ஃபுகஹாக்கள் அதிலிருந்து எடுத்த தீர்ப்பும் அதுவே. மரபு பற்றிய அறிவு அங்கே தாயைக் காக்கும் கேடயமாகப் பயன்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உறவுத் திருமணம்: அரபு வழக்கும் தமிழ் வழக்கும்

மரபுக் குறை என்றவுடன் உறவுத் திருமணம் நினைவுக்கு வரும். இந்தியாவிலேயே உறவுத் திருமணம் மிகுந்த மாநிலங்களுள் தமிழகம் ஒன்று. இங்கு நான்கு திருமணங்களில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் அண்டை வீட்டாருள் பல சமூகத்தார் அக்காள் மகளையே மணக்கின்றனர். அது நமக்கு ஹராம். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் உடன்பிறந்தார் மகளிரை மணப்பதைத் தடுத்துள்ளது. சிறிய தந்தை, அத்தை, மாமன், சின்னம்மா ஆகியோரின் மக்களை மணப்பது ஆகுமானது.

ஆகுமானவற்றுள்ளும் எதனை விரும்புவது என்பதை ஆதத் தீர்மானித்தது. அரபியர் தந்தையின் உடன்பிறந்தான் மகளை முதலுரிமையாகக் கருதினர். தமிழ் முஸ்லிம்களோ பல ஊர்களில் சிறிய தந்தையின் மகளைத் தங்கை என்றே எண்ணி ஒதுக்கி, மாமன் மகளையும் அத்தை மகளையும் முறைப்பெண் என்றனர். ஷரீஅத் இரண்டையும் அனுமதித்தது, இரண்டையும் கட்டளையிடவில்லை. எனவே முறைப்பெண்ணை மணப்பது சுன்னத் என்பதும் தவறு. மார்க்கம் அதை வெறுக்கிறது என்பதும் தவறு.

இதில் நம் முன்னோர் சிந்திக்காமல் இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் மணப்பெண்ணிடம் காணத்தக்க பண்புகளை எண்ணும்போது, மிக நெருங்கிய உறவினளாக இல்லாதிருத்தலையும் ஒன்றாகச் சேர்த்து, நெருங்கிய உறவில் பிறக்கும் குழந்தை மெலிந்திருக்கும் என்ற கருத்துடைய அறிவிப்பு ஒன்றையும் எடுத்தாண்டார். அதற்கு நம்பத்தக்க மூலம் கிடைக்கவில்லை என்று இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) கூறிவிட்டார். மின்ஹாஜிலும் நெருங்கிய உறவினளாக இல்லாமை விரும்பத்தக்கது என்றே உள்ளது. ஸுப்கீ (ரஹ்) இதனை மறுத்து, ஆதாரம் நிறுவப்படாத நிலையில் சட்டம் வகுக்கலாகாது என்றும், நபிகளார் தம் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களை அலீ (ரலி) அவர்களுக்கு மணமுடித்துத் தந்ததை எண்ண வேண்டும் என்றும் வாதிட்டார். ஃபாத்திமா (ரலி) அலீயுடைய தந்தையின் உடன்பிறந்தார் மகனின் மகளாதலால் நெருங்கிய உறவினரல்லர் என்று மறுதரப்பார் விடை கூறினர். உமர் (ரலி) அவர்களும் ஒரு குலத்தார் தம்முள்ளேயே மணந்து நலிவுற்றதைக் கண்டு அயலாரை மணக்குமாறு அறிவுறுத்தியதாக ஒரு செய்தி வழங்குகிறது. இத்துணை விவாதத்திலும் எவரும் ஹராம் என்று கூறவில்லை. நலம் எது என்பதே பேசப்பட்டது.

மரபியல் இன்று அந்த நலத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. ஒவ்வொருவரும் வெளியில் தெரியாத சில குறைபாட்டு மரபணுக்களைச் சுமக்கிறோம். அவை பெரும்பாலும் இரட்டையாகச் சேர்ந்தால்தான் நோயாகும். உடன்பிறந்தாரின் மக்கள் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கையும் ஒரே மூதாதையரிடமிருந்து பெற்றிருப்பர். இருவரும் ஒரே குறையைச் சுமப்பின், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு அந்நோய்க்கு உண்டு.

பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி விளங்கும் அதே வேலூரில், ஐடா ஸ்கடர் நிறுவிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பி.எஸ்.எஸ். ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் ஆகியோர் 1970களில் வட ஆற்காடு மாவட்ட மக்களிடையே இதனை ஆராய்ந்தனர். பல தலைமுறைகளாக உறவுக்குள் மணந்து வந்த அம்மக்களிடம், கருவிழப்பு முதலியவற்றில் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தானிய வமிசத்தாரிடையே நடந்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. பிறவிக்குறை நூற்றுக்கு மூன்று என்பது, உடன்பிறந்தார் மக்களின் திருமணத்தில் ஆறாக உயர்வதை அது காட்டியது. இரட்டிப்பு என்பது சிறிய செய்தியன்று. அதே வேளையில் நூற்றில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் குறையின்றிப் பிறக்கின்றன என்பதும் அதே கணக்குதான். முப்பத்து நான்கு வயதைக் கடந்து தாயாவதும் இதையொத்த உயர்வைத் தருகிறது என அவ்வாய்வே குறிப்பிடுகிறது.

நெருங்கிய உறவை விலக்கினாலும், ஒரே சிறு வட்டத்துக்குள் நூற்றாண்டுகளாக மணந்துவரும் சமூகங்களில் அரிய குறைகள் தங்கிவிடுகின்றன. ஆந்திர வைசியரிடம் மயக்க மருந்தின்போது இடரளிக்கும் ஒரு நொதிக்குறை மிகுந்திருப்பது இதற்குப் பலரறிந்த சான்று. ஆகவே இது ஒரு மதத்தாரைச் சுட்டிப் பழிக்கும் செய்தியன்று. நாடு முழுவதும் சிந்திக்க வேண்டிய ஒன்று.

பழி யாருடையது?

இத்தனை நூல்களையும் கணக்குகளையும் கடந்து நிற்கும் உண்மை ஒன்று உண்டு. குறையுடன் குழந்தை பிறக்கும் வீட்டில் தலைகுனிந்து நிற்பவள் தாய் ஒருத்தியே. இரட்டையாய்ச் சேர வேண்டிய மரபணுவில் பாதியைத் தந்தவர் தந்தை என்பதை எவரும் நினைப்பதில்லை. பெண்ணாய்ப் பெற்றதற்கும் அவளே குற்றவாளி. ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் உயிரணுவே தீர்மானிக்கிறது என்பதை நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் அறிஞர் 1905இல் பூச்சிகளை ஆராய்ந்து காட்டினார். நூறாண்டு கடந்தும் நம் மாமியார்கள் மருமகளையே கடிகின்றனர். உறவுக்குள் மணமுடித்து வைத்தவர்கள் பெரியவர்கள். அதன் விளைவுக்கு விவாகரத்து பெறுபவள் அந்தப் பெண். ஃபஸாரா குலத்து மனிதருக்கு நபிகளார் சொன்ன விடை, இன்று நம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியதாக நிற்கிறது.

செய்யத்தக்கவை எளியனவே. நிகாஹ் பேசும்போது சீர்வரிசையைப் பற்றி நாட்கணக்கில் பேசுகிறோம். இரு குடும்பங்களிலும் பிறவிக் கேளாமை, இரத்தச் சோகை நோய், காரணம் விளங்காத குழந்தை இறப்பு ஆகியவை உண்டா என்று ஒரு மணி நேரம் பேசலாம். தாலசீமியா, அரிவாளணு நோய் ஆகியவற்றைச் சுமப்போரை எளிய இரத்தப் பரிசோதனையால் அறியலாம். இந்தியாவில் அரிவாளணு நோய் முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரியின் பழங்குடியினரிடமே. ஈரான் 1997 முதல் மணமக்களுக்குத் தாலசீமியாப் பரிசோதனையை நாடெங்கும் நடைமுறைப்படுத்தியது. சவூதி அரேபியா 2004 முதல் இதனைக் கட்டாயமாக்கியது. முடிவை அறிந்தபின் மணப்பதா வேண்டாமா என்ற உரிமையை மணமக்களிடமே விட்டது. ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டோடு ஓர் அறிவுரைத் தாளை இணைத்துத் தருவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

பிறந்தபின் செய்யத்தக்கவையும் உண்டு. குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தால் தைராய்டுக் குறையை முதல் வாரத்திலேயே அறிந்து மருந்து தொடங்கினால், மூளை வளர்ச்சிக் குறையைத் தடுத்துவிடலாம். கேளாமையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே அறிந்தால் பேச்சை மீட்கலாம். 2013 முதல் நடந்துவரும் அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் இத்தகைய குழந்தைகளை மாவட்ட மையங்களுக்கு அனுப்பி வைக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் கருவுற்ற பெண்ணிடம் கணவர் சொந்தமா என்று வினவுவது வம்பளப்பதற்கன்று, இக்காரணங்களுக்காகவே. அவரிடம் மறைப்பது குழந்தைக்கு இழைக்கும் தீங்கு. அவர் போன்றோரின் உழைப்பால் 2018-20 கணக்கின்படி தமிழகத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு 54 ஆகக் குறைந்தது. நாட்டின் சராசரி அப்போது 97.

விதியை மீற முடியுமா என்று சிலர் வினவலாம். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டின் எல்லையிலிருந்து உமர் (ரலி) திரும்பியபோது அபூ உபைதா (ரலி) இதையேதான் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரலி) தந்த விடையின் கருத்து. வறண்ட கரையும் செழித்த கரையும் கொண்ட பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதான் என்று அவர்கள் விளக்கினார்கள். செழித்த கரையைத் தேர்வதே தத்பீர்.

தத்பீரை மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்போம். ஆதத்தை ஷரீஅத்தின் தராசில் நிறுத்து, நல்லதைக் கொண்டு அல்லதை விடுவோம். இர்க்கைப் பற்றிய அறிவை, ரசூலுல்லாஹ் (ஸல்) பயன்படுத்தியவாறே, தாயைக் காக்கப் பயன்படுத்துவோம். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அந்த அறிவு எக்காலத்திலும் கருவியாகாதிருக்கட்டும்.